டொராண்டோ: ரயில் பக்கத்து ரூமா, பஸ் ரூட் ரூமா? இன்று ராத்திரிக்குள் பதில் சொல்லணும்

மதுரைப்பொண்ணு
வியாழன், மாலை 6.10

எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோ வந்து பதினோரு நாள் ஆகிறது. ஸ்கார்பரோவில் தெரிந்தவர்கள் வீட்டு ஹாலில் தங்கியிருக்கிறேன். அவர்களுக்கு ஊரிலிருந்து ஆள் வருகிறது, ஜனவரி கடைசிக்குள் நான் கிளம்பியாக வேண்டும். ரெண்டு ரூம் பார்த்துவிட்டேன். ஒன்று விக்டோரியா பார்க் சப்வே (நிலத்தடி ரயில்) ஸ்டேஷனிலிருந்து நடந்து ஆறு நிமிஷம், பேஸ்மென்ட், மாசம் 950 டாலர். இன்னொன்று மால்வர்னில், நீல்சன் ரோடு பக்கம், மாடியில் நல்ல வெளிச்சமான ரூம், 700 டாலர், வாசலிலேயே பஸ் நிற்கிறது. ரெண்டு வீட்டுக்காரர்களும் இன்று ராத்திரி பத்து மணிக்குள் பதில் கேட்கிறார்கள். ரெண்டுக்கும் முதல் மாசம், கடைசி மாச வாடகை கையில் கொடுக்கணும். என்னிடம் ஒரு தடவை கொடுக்கத்தான் காசு இருக்கிறது, தப்பாகப் போனால் மறுபடி முடியாது.

இந்த ஊரில் தினமும் வேலைக்குப் போக பஸ் நல்லதா, ட்ரெயின் நல்லதா? அதை மட்டும் சொல்லுங்கள் ப்ளீஸ். திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். நேற்று ராத்திரி தூங்கவே இல்லை.


ஸ்காபரோ ராசன்
வியாழன், மாலை 6.32

பிள்ளை, யோசிக்கவே வேண்டாம். ட்ரெயின் பக்கம் எடுங்கள்.

நான் 1992 ஜனவரியில் ரொறன்ரோ வந்தவன். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை, இரவு ஒரு மணிக்கு முடியும். மார்க்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பேன். என்னிடம் இருந்தது ஊரில் வாங்கின சப்பாத்து. உப்புத் தண்ணீர் ஊறி, வீட்டுக்கு வந்து கழற்றினால் கால் விரல் வெள்ளையாக இருக்கும், அரை மணி நேரத்துக்கு உணர்ச்சியே வராது. பனி கொட்டுகிற நேரம் தூரத்தில் வருகிற பஸ்ஸின் முகப்பு எழுத்து மங்கிப் போயிருக்கும். என்ன நம்பர் என்று தெரியாது. கையைக் காட்டி மறித்து, கதவு திறந்த பிறகு பார்த்தால் வேறு பஸ். கதவு மூடி அது போய்விடும், அந்த ஒரு நிமிடச் சூடு முகத்தில் பட்டுவிட்டுப் போவது இன்னும் பெரிய கொடுமை. அதோடு ஒன்று முடிவெடுத்தேன், கூழ் குடித்தாலும் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் இருந்து குடிப்பதென்று. கென்னடி ஸ்ரேசன் பக்கம் ஒரு அறையில் நாலு பேராக இருந்தோம். நிலத்துக்குக் கீழே நின்றால் காற்று அடிக்காது, பிள்ளை. அது ஒன்றே போதும்.


பிராம்ப்டன் கதிர்
வியாழன், மாலை 6.41

ரெண்டுமே வேண்டாம் என்பதுதான் என் அனுபவம். முதலில் கார் ஓட்டப் பழகுகிற லைசன்சுக்கான ஜி1 எழுத்துத் தேர்வை முடியுங்கள், ஊர் லைசன்ஸ் அனுபவக் கடிதம் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் ஒரு பழைய கார் எடுத்துவிடுங்கள். நான் முதல் எட்டு மாசம் பஸ்ஸில் போய்த்தான் ரெண்டு வேலையை இழந்தேன். கார் இருந்தால்தான் இங்கே வாழ்க்கை.


மல்வேர்ன் அக்கா
வியாழன், மாலை 6.55

கதிர் தம்பி, வந்து பதினோரு நாளான பிள்ளையிடம் கார் வாங்கச் சொன்னால் எப்படி? இன்சூரன்சுக்கே அவளுடைய வாடகைக் காசு போய்விடும்.

தங்கச்சி, நான் மல்வேர்னில் பத்தொன்பது வருடம் இருக்கிறேன். 133 நீல்சன் பஸ் நேரே கென்னடி ஸ்ரேசனுக்குப் போகும். வாசலில் ஏறலாம், இருக்க இடம் கிடைக்கும், யன்னலோரம் அரை நித்திரை கொள்ளலாம். சப்வேயில் காலையில் நிற்கக்கூட இடம் கிடையாது. படி ஏறு, படி இறங்கு, அங்கே மாறு, இங்கே மாறு. பஸ்ஸென்றால் எங்கே போகிறோம் என்று வெளியே பார்த்துப் பழகலாம். ஊரைப் பஸ்ஸில்தான் படிக்க முடியும். நான் வந்த புதிதில் எந்தக் கடையில் முருங்கைக்காய் இருக்கு, எங்கே கோயில், எங்கே தமிழ் டொக்டர் என்று எல்லாம் யன்னலால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதோடு மாசம் 250 டாலர் மிச்சம். ஊருக்கு அனுப்பலாம்.

பேஸ்மென்ற்றில் வெயில் வராது. முதல் வின்ரரை பேஸ்மென்ற்றில் கழித்தவள் நான். பகல் மூன்று மணிக்கும் லைட் போட்டபடி இருந்து, காரணம் இல்லாமல் அழுவேன். அந்த மாடி அறையை விடாதே.


திருச்சி கார்த்தி
வியாழன், இரவு 7.08

ட்ரெயின்தான், சந்தேகமே வேண்டாம். காரணம் சூடு குளிர் இல்லை, பாதை. சப்வேக்கு அதற்கென்று தனிப் பாதை இருக்கிறது, குறுக்கே எதுவும் வராது. பஸ் காரோடு காராக நிற்கும். தண்டவாளம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இந்த ஊர் ஸ்ட்ரீட்காரே சாட்சி. அதுவும் ரயில்தான், ஆனால் முன்னால் ஒருத்தர் இடப்பக்கம் திரும்பக் காத்திருந்தால் நூறு பேரோடு பின்னால் நிற்கும். கிங் ஸ்ட்ரீட்டில் 2017இல் கார்களைக் கட்டுப்படுத்திய பிறகுதான் அங்கே ஸ்ட்ரீட்கார் ஓடவே ஆரம்பித்தது. அதனால் பஸ்ஸா ட்ரெயினா என்று கேட்பதைவிட, தனிப் பாதை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கட்டணத்தில் வித்தியாசம் இல்லை. ரெண்டும் டிடிசிதான், அதாவது நகரப் போக்குவரத்து நிறுவனம். பிரெஸ்டோ என்கிற பயண கார்டோ வங்கி கார்டோ தட்டினால் 3.30 டாலர், ரெண்டு மணி நேரத்துக்குள் பஸ், சப்வே, ஸ்ட்ரீட்கார் எத்தனை மாறினாலும் அதே காசு. தூரத்துக்கு ஏற்ற கட்டணம் கிடையாது.

ஒன்று மட்டும் சொல்லணும். வார இறுதிகளில் பராமரிப்புக்காக சப்வேயில் ஏதாவது ஒரு பகுதியை மூடுவார்கள், அங்கே மாற்று பஸ் ஓடும். வெள்ளிக்கிழமையே பார்த்து வைத்துக்கொள்ளணும்.


மல்வேர்ன் அக்கா
வியாழன், இரவு 7.15

தம்பி கார்த்தி, கடைசியில் பஸ்தானே வந்து காப்பாற்றுகிறது? ட்ரெயின் நின்றால் பஸ் விடுவார்கள். பஸ் நின்றால் அடுத்த தெருவால் சுற்றி வரும்.

தனிப் பாதை பஸ்ஸுக்கும் இருக்கிறது. 2020 ஒக்ரோபரில் எக்ளிண்டன் கிழக்கிலிருந்து கிங்ஸ்டன் ரோட், மோர்னிங்சைட் வரைக்கும் சிவப்புப் பெயின்ற் அடித்து பஸ்ஸுக்கென்று ஒரு லேன் விட்டார்கள். அந்த வழியில் போய்ப் பாருங்கள், கார் எல்லாம் நிற்கும், பஸ் போகும்.


ஸ்காபரோ ராசன்
வியாழன், இரவு 7.24

அக்கா, அந்தச் சிவப்பு லேன் மல்வேர்னுக்கு வராதே. அதுதானே எங்கள் வயிற்றெரிச்சல்.

எங்களுக்கென்று ஒரு ட்ரெயின் இருந்தது. 1985இல் தொடங்கின ஸ்காபரோ ஆர்ரி, கென்னடியிலிருந்து மக்கோவன் வரைக்கும். சின்ன நீலப் பெட்டிகள். பனி கூடினால் நின்றுவிடும் என்று திட்டியிருக்கிறோம், ஆனால் எங்கள் பிள்ளைகள் அதில்தான் படிக்கப் போனார்கள். 2023 ஜூலை 24 மாலை கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கியது. சிலருக்குச் சின்னக் காயம். அந்த நவம்பரில் மூடுவதாக இருந்த பாதை, அன்றைக்கு நின்றது நின்றதுதான், பிறகு ஓடவே இல்லை. முன்பு ஸ்காபரோ சென்ரரில் வந்து சேர்ந்த பஸ்களில் பல இப்போது கென்னடி வரைக்கும் இழுபடுகின்றன. அதற்குப் பதிலாகத் தோண்டுகிற சப்வே 7.8 கிலோமீற்றர், மூன்றே ஸ்ரேசன், 2030 என்கிறார்கள். எனக்கு அப்போது எழுபது வயதாகிவிடும்.


மார்க்கம் தாத்தா
வியாழன், இரவு 7.31

எக்ளிண்டன் தெருவில் நகரத்தின் குறுக்கே போட்ட ரயில் பாதையை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2011இல் தோண்டத் தொடங்கினார்கள். 2020இல் திறப்பதென்றார்கள். 2025இலும் வெறும் பெட்டிகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், 2026 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்தத் தெருவில் கடை வைத்திருந்த எத்தனையோ பேர் வேலிகளைப் பார்த்தபடியே கடையைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மார்க்கத்திலிருந்து நகர எல்லையான ஸ்டீல்ஸ் தெருவைத் தாண்டினால் இரண்டாவது தடவை காசு கட்ட வேண்டியிருந்தது. 2024 பெப்ரவரி கடைசியிலிருந்து அது இல்லை. எங்கள் யோர்க் வட்டார பஸ்ஸிலிருந்து டிடிசிக்கு மாறினால் ஒரே கட்டணம். புறநகர் ரயிலான கோ ட்ரெயினோடு டிடிசி சேர்ந்தால் டிடிசிப் பகுதிக்குக் காசில்லை. எனவே தங்கச்சி, கோ ட்ரெயினைப் பாருங்கள். அகின்கோர்ட்டிலும் கில்ட்வூட்டிலும் நிற்கும், நகர மையத்து யூனியன் ஸ்டேஷனுக்கு நேரே போகும், சொகுசான இருக்கை.


பிராம்ப்டன் கதிர்
வியாழன், இரவு 7.38

கோ ட்ரெயினில், பகல் நேரத்தில் மணிக்கு ஒன்றுதான் வருகிற பாதையும் இருக்கிறது. ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் ஒரு மணி நேரம்.

பஸ்ஸோ ட்ரெயினோ, இந்த நாட்டில் புதிதாக வருகிறவனுக்கு எதுவும் நேராக இல்லை. வாடகை மேலே மேலே போகிறது. ஊரில் பன்னிரண்டு வருஷம் கணக்கு பார்த்தவன் நான். இங்கே வந்ததும் கனடா அனுபவம் இருக்கா என்று கேட்டார்கள். வேலை கிடைத்தால் அனுபவம், அனுபவம் இருந்தால் வேலை. வீட்டுக்கு போன் பண்ணினால் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.


ஸ்காபரோ ராசன்
வியாழன், இரவு 7.44

கதிர், நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு அதைத்தான் சொன்னோம்.


இரவு ஷிஃப்ட் நர்ஸ்
வியாழன், இரவு 7.59

எல்லோரும் ஒரு நிமிஷம். மணி எட்டாகிறது, இந்தப் பெண் பத்து மணிக்குள் காசைக் கட்டணும். அவள் வேலை எங்கே என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

தங்கச்சி, மூன்றே கேள்வி. வேலை எந்தத் தெருவில்? எத்தனை மணிக்கு உள்ளே இருக்கணும், எத்தனைக்கு முடியும்? சனி, ஞாயிறு உண்டா? இது தெரியாமல் பஸ் நல்லது, ட்ரெயின் நல்லது என்று யார் சொன்னாலும் அது அவரவர் கதை.


மதுரைப்பொண்ணு
வியாழன், இரவு 8.06

மன்னிச்சுக்குங்க அக்கா, அதைச் சொல்லணும் என்றே தோன்றவில்லை. யூனிவர்சிட்டி அவென்யூவில் ஒரு ஆஸ்பத்திரி, குயின்ஸ் பார்க் ஸ்டேஷன் பக்கம். சமையலறையில் நோயாளிகளுக்குத் தட்டு அடுக்குகிற வேலை. காலை 7 மணி முதல் மதியம் 3 மணி வரை. வாரம் ஐந்து நாள், அதில் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறும் வரும். சேர்கிற முதல் வாரத்திலேயே ஞாயிறு போட்டிருக்கிறார்கள். 7 மணிக்கு அட்டை தட்டியிருக்கணும், மூன்று மாசம் தற்காலிகம்தான், லேட்டானால் குறித்துக்கொள்வோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.


இரவு ஷிஃப்ட் நர்ஸ்
வியாழன், இரவு 8.27

இப்போது பேசலாம். நானும் அந்தத் தெருவில்தான் வேலை செய்கிறேன், பதினொரு வருஷமாக.

முதலில் வாரநாள். விக்டோரியா பார்க்கில் ஏறினால் லைன் 2, மேற்குப் பக்கம் போகிற ட்ரெயின். செயின்ட் ஜார்ஜில் இறங்கு. நீ வருவது கீழ்த் தளம், லைன் 1 அதற்கு மேல் தளம், ஒரு மாடி ஏறினால் போதும். அங்கே எல்லாப் புதுசும் தடுமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. நீ தெற்கே போகணும், ஆனால் உனக்கு வேண்டிய ட்ரெயினில் ஃபிஞ்ச் என்று எழுதியிருக்கும். ஃபிஞ்ச் வடக்கே இருக்கிற ஊர்க்கோடி. பயப்படாதே, சரியான ட்ரெயின்தான் அது. லைன் 1 ஒரு லாடம் மாதிரி வளைந்தது, தெற்கே யூனியன் போய்த் திரும்பி வடக்கே ஃபிஞ்சுக்கு ஏறும். அடுத்தது மியூசியம், அதற்கடுத்தது குயின்ஸ் பார்க், இறங்கிவிடு. மொத்தம் முக்கால் மணிக்குள் வாசலில் நிற்பாய். வாரநாளில் சப்வே காலை ஆறு மணி வாக்கில் தொடங்கிவிடும், ஏழு மணிக்கு அது போதும். ஆனால் முதல் ட்ரெயினையோ ரெண்டாவதையோ பிடித்துவிடு, மூன்றாவதை நம்பாதே.

மால்வர்ன் என்றால் அதற்கு முன்னால் கென்னடி வரைக்கும் பஸ். அமைதியான நாளில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம், பனி நாளில் ஒரு மணிக்கும் மேல். அதன் பிறகு லைன் 2இல் கென்னடியிலிருந்து, விக்டோரியா பார்க்கையும் தாண்டி, நான் சொன்ன அதே பயணம். ஒரு பக்கத்துக்குக் குறைந்தது ஐம்பது நிமிஷம் அதிகம். ஒரு நாளைக்கு 100 நிமிஷம். மாசம் 22 நாள் என்றால் 36 மணி நேரத்துக்கும் மேல். 250 டாலரை அதால் வகுத்துப் பார், மணிக்கு சுமார் 7 டாலர் வருகிறது. ஒன்டாரியோவில் குறைந்தபட்சச் சம்பளமே 2025 அக்டோபரில் மணிக்கு 17.60 ஆகிவிட்டது. உன் நேரத்தை ஏழு டாலருக்கு விற்கிறாய் என்று அர்த்தம், அதுவும் குளிரில் நின்று.

மல்வேர்ன் அக்கா சொன்ன வெளிச்சத்தை நான் ஒதுக்கவில்லை. அது உண்மையான விஷயம். பேஸ்மென்ட்டில் ஜன்னல் இருக்கிறதா, அது ஆள் வெளியேறுகிற அளவுக்குப் பெரியதா, ஹீட்டர் அந்த அறைக்குள் வருகிறதா, புகை அலாரம் இருக்கிறதா என்று இன்று போனிலேயே கேள். இதற்கு அவர்கள் இழுத்தால் ட்ரெயின் பக்கத்தில் இருந்தாலும் அந்த ரூம் வேண்டாம்.

இனி ஞாயிறு. இதை யாரும் உன்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சப்வே எட்டு மணி வாக்கில்தான் தொடங்கும். ஸ்டேஷன் ஆறு நிமிஷத்தில் இருந்தும் உன் ஏழு மணிக்கு அது உதவாது. கதவு பூட்டியிருக்கும். நான் சேர்ந்த முதல் ஞாயிறு அந்தப் பூட்டின கதவின் முன்னால் நின்றிருக்கிறேன், கையில் சாப்பாட்டு டப்பாவோடு. காவலுக்கும் ஆள் இல்லை. டாக்சிக்குக் கொடுத்தது அன்றைய சம்பளத்தில் பாதி.

எனவே வாரநாள் உனக்கு ட்ரெயின். ஞாயிறு உனக்கு பஸ். ரெண்டும் வேண்டும். ராசன் அண்ணாவுக்கு இரவு பஸ் நன்றாகத் தெரியும், அவரே சொல்லட்டும்.


ஸ்காபரோ ராசன்
வியாழன், இரவு 8.41

நன்றி தங்கச்சி. நான் என் 1992ஐச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன், பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கவில்லை.

பிள்ளை, கவனமாக வாசியுங்கள். சப்வே மூடியிருக்கிற நேரம் 300களில் தொடங்குகிற நம்பர் பஸ்கள் ஓடும். நிறுத்தக் கம்பத்தில் நீல அடையாளம் இருக்கும், அதனால் புளூ நைற் என்பார்கள். உங்களுக்கு வேண்டியது 300 புளோர்-டான்ஃபோர்த். சப்வே கீழே ஓடுகிற பாதைக்கு மேலே தெருவில் அது ஓடும். ஸ்ரேசன் வாசலில் நிற்காதீர்கள், டான்ஃபோர்த் அவென்யூவுக்கு இறங்கி நடந்து, மேற்கே போகிற பக்கத்தில் நில்லுங்கள். யங் தெருவில் இறங்கி 320 யங் பஸ் பிடித்துத் தெற்கே வாருங்கள். காலேஜ் தெருவில் இறங்கி மேற்கே பத்து நிமிட நடை, யூனிவர்சிட்டி அவென்யூ வந்துவிடும். விடியப்புறம் தெருவில் கார் இல்லை. அந்த நேரத்தில் பஸ் ட்ரெயினுக்குச் சமனாக ஓடும், அதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி வரை நிற்க நேரும். அதனால் ஐந்து மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுங்கள். ஆறரைக்கு முன் போய்ச் சேர்ந்து உள்ளே ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

இன்னொன்று. இரவு ஒன்பது முதல் விடிய ஐந்து மணி வரை, தரிப்பிடம் இல்லாத இடத்திலும் இறக்கிவிடச் சொல்லி பஸ் சாரதியிடம் கேட்கலாம். நிறுத்த வசதியான இடமென்றால் நிறுத்துவார். ஒரு தரிப்பு முன்பாகவே போய்ச் சொல்ல வேண்டும், முன் கதவால் இறங்க வேண்டும். முதலில் பெண்களுக்கென்று தொடங்கினது, இப்போது எல்லோருக்கும் உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள். சப்வே நடைமேடையில் தனியாக நிற்க நேர்ந்தால், காத்திருக்க என்று குறித்த பகுதி இருக்கும், வெளிச்சமாக, பேசுகிற கருவியோடு. அங்கே நில்லுங்கள்.


திருச்சி கார்த்தி
வியாழன், இரவு 8.48

மாச பாஸ் இப்போதே வாங்காதீர்கள். அது 156 டாலர். நீங்கள் 22 நாள் போய் வந்தால் 44 தடவை, 145 டாலர் 20 சென்ட்தான் ஆகும். 48 தடவையாவது போனால்தான் பாஸ் கட்டும். வேலை முடிந்து மூன்று மணிக்கு ஏறி வழியில் இறங்கிக் காய்கறி வாங்கி, அதே ரெண்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஏறினால் அதற்குத் தனிக் காசு இல்லை. ஒரே கார்டைத் தட்டணும், போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று மாற்றினால் கணக்கு உடையும். சில்லறை போட்டு ஏறினால் 3.35, அதற்குக் கொடுக்கிற காகித டிக்கெட்டில் வழியில் இறங்கி ஏறுகிற சலுகை கிடையாது. அப்புறம், ஒவ்வொரு தடவையும் தட்டுங்கள், மாறுகிற பஸ்ஸிலும். பரிசோதகர் வரும்போது நீங்கள் தட்டியிருக்காவிட்டால் அபராதம் 235 டாலரிலிருந்து தொடங்குகிறது.


மல்வேர்ன் அக்கா
வியாழன், இரவு 8.57

நர்ஸ் தங்கச்சி போட்ட கணக்கு எனக்கும் விளங்குகிறது. ஏழு மணி வேலைக்கு மல்வேர்னிலிருந்து நானும் போகச் சொல்ல மாட்டேன். என்னுடைய வேலை ஸ்காபரோவுக்குள்ளேயே இருந்தது, அதனால் பஸ் எனக்குச் சொர்க்கம். அதை முதலே சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளை, அந்த பேஸ்மென்ற் எடுத்தால் வேலை முடிந்து மூன்று மணிக்கு நேரே கீழே போய்ப் படுக்காதே. வின்ரரில் ஐந்து மணிக்கு இருட்டிவிடும், இருக்கிற வெளிச்சத்தை வெளியே நடந்து வாங்கு. காலுக்கு நல்ல பூட்ஸ் முக்கியம். அடியில் பிடிமானம் உள்ளதாக, முழங்காலுக்குக் கீழ் வரை. உள்ளே ஒரு கம்பளிக் காலுறை போட்டபடி அளவு பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் இறுக்கி, இரத்தம் ஓடாமல், பூட்ஸ் போட்டும் குளிரும். புதிது வாங்கக் காசில்லை என்றால் பழைய பொருள் கடையில் பார். விக்டோரியா பார்க் பக்கமே ஒரு கடை இருக்கு.


மதுரைப்பொண்ணு
வியாழன், இரவு 9.34

விக்டோரியா பார்க் வீட்டுக்காரம்மாவிடம் பேசிவிட்டேன். ஜன்னல் ரெண்டு இருக்கிறது, ஒன்று பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்து, ஆள் வெளியேறலாம். ஹீட்டர் தனியாக வருகிறது. அலாரத்தை வீடியோ காலில் அழுத்திக் காட்டினார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வாடகை ரசீதும் எழுத்தில் ஒப்பந்தமும் கேட்டேன், தருகிறேன் என்றார்கள். மால்வர்ன் வீட்டுக்கும் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். இன்றைக்குத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.


இரவு ஷிஃப்ட் நர்ஸ்
வியாழன், இரவு 9.40

நல்ல முடிவு. சனிக்கிழமை ஒரு தடவை சும்மா போய்ப் பார். வேலைக்குப் போகிற அதே நேரத்தில் எழுந்து, அதே உடையில், செயின்ட் ஜார்ஜில் மாறி, ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வா. 3 டாலர் 30 சென்ட், ரெண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டால் திரும்புவதற்கும் சேர்த்து அவ்வளவுதான். திங்கட்கிழமை பதற்றத்தில் கண் எதையும் படிக்காது, சனிக்கிழமை படித்து வைத்துக்கொள். அந்த வார இறுதியில் உன் பாதையில் ஏதாவது மூடல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. குயின்ஸ் பார்க்கில் எந்த வாசல் வழியாக ஏறினால் உன் ஆஸ்பத்திரிப் பக்கம் வரும் என்று சுவரில் எழுதியிருக்கும். தப்பான வாசலில் ஏறினால் அவ்வளவு அகலத் தெருவைக் கடக்க சிக்னலுக்கு நிற்கணும்.


மதுரைப்பொண்ணு
ஞாயிறு, பத்து நாள் கழித்து, மாலை 4.50

அக்கா, அண்ணா, எல்லோருக்கும். இன்றைக்குத்தான் என் முதல் ஞாயிறு ஷிஃப்ட்.

நாலு மணிக்கு எழுந்துவிட்டேன். ஐந்துக்குக் கிளம்பும்போது பனி புதிதாக விழுந்து, என் கால் தடம் ஒன்றுதான் தெருவில். ஸ்டேஷன் கதவு நர்ஸ் அக்கா சொன்ன மாதிரியே பூட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றில் என்னமோ செய்தது, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அங்கேதான் நின்றிருப்பேன். டான்ஃபோர்த்தில் நீல அடையாளம் போட்ட கம்பத்தைக் கண்டுபிடித்து நின்றேன். பன்னிரண்டு நிமிஷம். தூரத்தில் வந்த பஸ்ஸின் எழுத்து பனியில் தெரியவில்லை, ராசன் அண்ணா ஞாபகம் வந்தது, கையைக் காட்டினேன். 300தான்.

உள்ளே ஏழெட்டுப் பேர். எல்லோர் மடியிலும் சாப்பாட்டுப் பை. எனக்கு முன் சீட்டில் ஒரு வயசான அம்மா, ஜன்னலில் படிந்த ஆவியைக் கையுறையால் துடைத்துத் துடைத்து எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். நானும் என் பக்கம் துடைத்துக்கொண்டேன். யங்கில் இறங்குகிறபோது அவர்களும் இறங்கினார்கள், 320க்கு எந்தப் பக்கம் நிற்கணும் என்று கையால் காட்டினார்கள். அவர்களுடைய மொழி எது என்று எனக்குத் தெரியவில்லை. 6.20க்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தேன்.

வாரநாளில் ரெண்டாவது ட்ரெயின் பிடிக்கிறேன், இதுவரை ஒரு நாளும் லேட் இல்லை. முதல் நாள் ஃபிஞ்ச் போர்டைப் பார்த்து ஒரு ட்ரெயினை விட்டுவிட்டேன், அப்புறம்தான் படித்தது ஞாபகம் வந்தது.

மல்வேர்ன் அக்கா, கால் மட்டும் இன்னும் குளிர்கிறது. அந்தப் பழைய பொருள் கடை ஸ்டேஷனிலிருந்து எந்தப் பக்கம்?


மல்வேர்ன் அக்கா
ஞாயிறு, மாலை 5.05

ஸ்ரேசனால் வெளியே வந்து விக்டோரியா பார்க் தெருவில் வடக்கே நட பிள்ளை. நாளைக்கு மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் போன் பண்ணு, நானும் பஸ்ஸில் வந்து நிற்கிறேன். சேர்ந்து போய்ப் பார்ப்போம். கம்பளிக் காலுறை ஒரு சோடி என்னிடம் புதிதாக இருக்கு, கொண்டுவருகிறேன்.